பழமைவாத அரசியல் சிந்தனையை எப்படிப் படிக்கறது: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்களுக்கு ஒரு கைடு

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குரூப் தேர்வுக்குப் படிக்கறவங்க, காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்த பசங்க, சும்மா அரசியல் ஆர்வத்துல புத்தகம் தேடறவங்கன்னு நிறைய பேருக்கு ஒரே இடத்துலதான் தட்டுது. மார்க்சியம் படிக்கணும்னா வழி சொல்ல ஆள் இருக்கு, பெரியாரைப் படிக்கணும்னா தெருவுக்கு ஒருத்தர் இருக்கார், ஆனா கன்சர்வேட்டிவ் சிந்தனை, பழமைவாதம், இதை எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா "அது பிற்போக்கு, விட்டுத்தள்ளு"ன்னு ஒரு பக்கம் முடிச்சிடறாங்க, இன்னொரு பக்கம் "நம்ம பண்பாடு, நம்ம பாரம்பரியம்"னு ஒரே போடா போட்டுடறாங்க. ரெண்டையும் வெச்சு ஒண்ணும் படிக்க முடியாது. இதை எதிர்க்கறவங்களும் முழுசா படிச்சாகணும்னு நான் நினைக்கறேன், ஏன்னா சட்டசபைலயும் டீக்கடைலயும் பாதிப் பேச்சு இந்த வாதத்துலதான் ஓடுது, பேசறவங்களுக்கே அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது.

வழி ரொம்ப சிம்பிள். எந்தப் பழமைவாதியைப் படிச்சாலும் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சுக்கிட்டு மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. இவர் எதைக் காப்பாத்தப் பாக்கறார்? யார்கிட்ட இருந்து காப்பாத்தப் பாக்கறார்? அப்படிக் காப்பாத்தினா அதோட பாரம் யார் தலைல விழுது? முதல் ரெண்டு கேள்விக்குப் பதில் அவர் எழுத்துலயே கிடைச்சிடும். மூணாவதுக்கு நீங்களேதான் தேடணும், பெரும்பாலும் அவர் எழுதாம விட்ட இடத்துலதான் இருக்கும்.

மொதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சு வெச்சுக்கோங்க

பழமையில பிரியம் இருக்கறது வேற, பழமைவாதக் கோட்பாடு வேற, அந்தப் பேர்ல இருக்கற கட்சி வேற. பென்னாகரம் பக்கம் இன்னும் நாட்டுக் கேழ்வரகு விதையை விடாம வெச்சிருக்கற பெரியவர், ஓட்டு கம்யூனிஸ்ட்டுக்குப் போடறவரா இருக்கலாம். இங்கிலாந்து கன்சர்வேட்டிவ் கட்சியோட தலைவி தாட்சர் 1979ல இருந்து 1990 வரைக்கும் பிரதமரா இருந்து நாட்டோட பழைய தொழில் அமைப்பையே புரட்டிப் போட்டாங்க, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி தலைமுறை தலைமுறையா இருந்த ஊர்கள் அப்படியே காலியாச்சு. கட்சிப் பேரைப் பார்த்து கோட்பாட்டை முடிவு பண்ணினா ஏமாந்துடுவீங்க.

பர்க்கை 1790ல ஆரம்பிக்காதீங்க, 1785ல ஆரம்பிங்க

எல்லா பாடப்புத்தகமும் பதினெட்டாம் நூற்றாண்டுல இங்கிலாந்து பார்லிமெண்ட் உறுப்பினரா இருந்த எட்மண்ட் பர்க்ல இருந்துதான் தொடங்கும், அதுவும் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து அவர் 1790ல எழுதின புத்தகத்துல இருந்து. அது சரிதான், பழமைவாதத்துக்கு அடித்தளம் அதுதான். ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு அது தூரமா இருக்கும், வெர்சாய் அரண்மனையை விட்டு ராணியைப் பாரிஸுக்கு இழுத்துட்டுப் போனதுக்கு இவர் ஏன் இப்படிக் கண்ணீர் விடறார்னு தோணும். அதனால அஞ்சு வருஷம் முன்னால போங்க. 1785 பிப்ரவரில ஆற்காடு நவாப்போட கடன் பத்தி பார்லிமெண்ட்ல அவர் பேசின பேச்சு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துப் படிங்க.

அந்தப் பேச்சுல ரெண்டு விஷயம் நம்மளை நிமிர்ந்து உக்கார வைக்கும். ஒண்ணு, 1780ல ஹைதர் அலி மைசூர் மேட்டுல இருந்து மலை இறங்கி கர்நாடகச் சீமை மேல (இன்னைக்கு இருக்கற கர்நாடகா இல்ல, ஆற்காடு நவாப் ஆண்ட தமிழ்ச் சமவெளி) பாஞ்சதை அவர் வர்ணிக்கற விதம். மலைச் சரிவுல கருமேகம் மாதிரி கொஞ்ச நேரம் நின்னு அப்புறம் மொத்தமா கொட்டினதா சொல்லுவார். கிருஷ்ணகிரி கோட்டையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அது எந்த மலைத்தொடர்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது, அதைவிட முக்கியமானது, ஏரி. கர்நாடகச் சீமையும் தஞ்சாவூரும் சேர்த்தா பெரிசும் நடுத்தரமுமா பத்தாயிரம் ஏரிக்குக் குறையாதுன்னு சொல்லிட்டு, இதெல்லாம் உண்மையான ராஜாக்களோட நினைவுச்சின்னம், பிறக்கப்போற பிள்ளைங்களையும் தன் பிள்ளைங்களா நினைச்சவங்க வெட்டி வெச்சுட்டுப் போன சொத்துன்னு பேசுவார். இங்கிலாந்துல உக்காந்துக்கிட்டு, இந்தியா பக்கமே வராத ஒரு மனுஷன், நம்ம ஏரியைப் பத்தி இப்படிப் பேசியிருக்கார்.

இப்ப 1790 புத்தகத்துக்கு வாங்க. அதுல அவரோட பேர்போன கருத்து, சமுதாயம்ங்கறது இப்ப உயிரோட இருக்கறவங்களுக்குள்ள மட்டும் போட்ட ஒப்பந்தம் இல்ல, செத்துப்போனவங்க, இருக்கறவங்க, பொறக்கப்போறவங்க எல்லாரும் சேர்ந்த கூட்டுங்கறது. ஏரியை மனசுல வெச்சுக்கிட்டு இதைப் படிச்சா பட்டுனு புரியும். கரை போட்டது யாரோ, மதகு கட்டினது யாரோ, இன்னைக்குத் தண்ணி பாய்ச்சறது நாம, வண்டல் எடுக்காம விட்டா அடிபடப்போறது இன்னும் பொறக்காத ஒருத்தன். அதனால இன்னைக்கு இருக்கற தலைமுறைக்குப் பிடிக்கலைங்கறதுக்காக எல்லாத்தையும் இடிச்சுட்டு காகிதத்துல வரைஞ்ச புது பிளான்படி ஊரைக் கட்ட உனக்கு உரிமை இல்லைங்கறார். அதே மூச்சுல, மாத்திக்க வழியே இல்லாத அரசு தன்னைக் காப்பாத்திக்கவும் வழி இல்லாத அரசுதான்னும் சொல்லியிருக்கார். பர்க் மாற்றத்துக்கே எதிரின்னு சொல்றவங்க இந்த வரியைத் தாண்டிப் போயிட்டாங்கன்னு அர்த்தம். பழையன கழிதலும் புதியன புகுதலும் அவருக்கும் சம்மதம்தான், ஒரே ராத்திரில கழியறதுதான் சம்மதம் இல்ல. வங்காளத்துல கம்பெனியோட கவர்னர் ஜெனரலா இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல குற்ற விசாரணை நடத்தினதும் இதே பர்க்தான், 1788ல தொடங்கி 1795 வரைக்கும் இழுத்துச்சு, கடைசில ஹேஸ்டிங்ஸ் விடுதலை ஆயிட்டார். இந்தியாவோட பழைய சட்டமும் வழக்கமும் கம்பெனிக்காரங்க காலால மிதிக்கறதுக்கு இல்லைன்னு அவர் அங்க வாதாடினதையும் இங்க சேர்த்துப் படிக்கணும்.

இதே மண்ணுல நடந்த ஒரு பாடம்

1792ல திப்பு சுல்தான் ஒப்பந்தப்படி விட்டுக்கொடுத்த பாராமகால்தான் இன்னைக்கு, ஓசூர் பக்கம் தவிர, நம்ம ரெண்டு மாவட்டமும் திருப்பத்தூர் பக்கமும். அங்க கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் கீழ உதவியாளரா வந்தவர் தாமஸ் மன்றோ, 1799 வரைக்கும் இங்கதான் இருந்தார், தருமபுரில குடியிருந்தார். அதே சமயம் 1793ல வங்காளத்துல காரன்வாலிஸ் ஜமீன்தாரி முறையை நிரந்தரமா போட்டுட்டார், இங்கிலாந்துல நிலப்பிரபு இருக்கற மாதிரி இங்கயும் ஒரு வர்க்கத்தை உருவாக்கிட்டா எல்லாம் சரியாயிடும்ங்கற நினைப்பு. ரீட், மன்றோ ரெண்டு பேரும் ஊர் ஊரா போய் நிலத்தை அளந்து, விவசாயி கூட நேரடியா கணக்கு வெச்சு, அதுல இருந்துதான் ரயத்துவாரி வளர்ந்துச்சு. இங்கிலாந்து அமைப்பை அப்படியே தூக்கி இங்க வெக்காதே, இங்க இருக்கற வழக்கத்தைப் பார்த்து அதுக்கு மேல கட்டுங்கறதுதான் மன்றோவோட பிடிவாதம். இது கோட்பாடு புத்தகத்துல இல்லாத, ஆபீஸ்ல உக்காந்து பண்ணின பழமைவாதம்.

அப்புறம் 1800களோட ஆரம்பத்துல மேலிடம் இந்தப் பகுதியையே மிட்டா மிட்டாவா, அதாவது சின்னச் சின்ன ஜமீன் மாதிரி, பிரிச்சு ஏலம் விட்டுச்சு. நிறைய மிட்டாதாருங்க கிஸ்தி கட்ட முடியாம விழுந்தாங்க, நிலம் திரும்ப சர்க்கார் கைக்கே வந்துச்சு. காகிதத்துல அழகா இருக்கற பிளான் தரையில என்ன ஆகும்ங்கறதுக்கு பழமைவாதிங்க கேக்கற ஆதாரம் இதைவிட நல்லா எங்கயும் கிடைக்காது. ஆனா மூணாவது கேள்வியை மன்றோகிட்டயும் கேளுங்க. விவசாயி கூட நேரடி கணக்குன்னு சொன்னாலும் கிஸ்தி கிஸ்திதான், மழை பொய்ச்சாலும் சர்க்கார் கைய நீட்டிக்கிட்டுதான் நின்னுச்சு. அதோட நிலத்துக்குப் பட்டா இல்லாத கூலிக்காரங்க அந்தக் கணக்குப் புத்தகத்துல குடியானவனா வரவே இல்ல.

கிளைகள்: எல்லாத்துக்கும் ஒரே நேரம் செலவு பண்ண வேண்டாம்

பர்க் வழி வந்தவங்க ஒரு கிளை. இருபதாம் நூற்றாண்டுல அதை நல்லா எழுதினவர் இங்கிலாந்துத் தத்துவவாதி மைக்கேல் ஓக்ஷாட். அரசியல்ங்கறது கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்கற வேலை இல்ல, பழகித்தான் வரும், புத்தக அறிவு வேற கைப்பழக்கம் வேறங்கறது அவரோட மையக் கருத்து. சுருக்கமா எழுதுவார், மெதுவா படிங்க. இங்கிலாந்து எழுத்தாளர் செஸ்டர்டன் 1929ல சொன்ன வேலிக் கணக்கையும் இதோட சேர்த்துக்கலாம்: ரோட்டுக்குக் குறுக்க ஒரு வேலி நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு தெரியலைன்னா பிடுங்காதே, எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வா, அப்புறம் பிடுங்கறதா வேண்டாமான்னு பாக்கலாம்னார். நியாயமான பேச்சு. ஆனா அந்த வேலி யாரை வெளிய நிறுத்தறதுக்குப் போட்டதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பிடுங்க வர்றவங்களும் உண்டு, அவங்களுக்கு இந்தக் கதைல பதில் இல்ல.

ரெண்டாவது கிளை பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிரா கொதிச்சவங்க, ஜோசப் தெ மேஸ்த்ர் மாதிரி ஆளுங்க. ராஜா, திருச்சபை, தண்டனை, இதுதான் ஒழுங்கு, மனுஷனோட பகுத்தறிவை நம்பி அரசு கட்ட முடியாதுன்னு சொன்னவங்க. பர்க்கும் இவரும் ஒரே அலமாரில இருப்பாங்க, ஆனா ஒண்ணா நினைச்சுடாதீங்க. பர்க் மெதுவா மாத்துங்கறார், இவர் திரும்பிப் போங்கறார். இதுக்கு ஒரு நாள் போதும்.

மூணாவது, பெரிய மனுஷத்தனமான பழமைவாதம். டிஸ்ரேலி 1845ல எழுதின நாவல்ல, இங்கிலாந்துல பணக்காரங்க, ஏழைங்கன்னு ரெண்டு தேசம் இருக்குன்னு எழுதினார், அப்புறம் பிரதமரா 1875ல பொதுச் சுகாதாரம், தொழிலாளர் வீடு இதுக்கெல்லாம் சட்டம் கொண்டு வந்தார். மேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கறவன் மேல கடமை இருக்குங்கற எண்ணம். ஊர்ல பெரிய வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு நெல்லு அனுப்பறதைப் பார்த்தவங்களுக்கு இது உடனே பிடிபடும், அதோட சிக்கலும் பிடிபடும், ஏன்னா அந்த நெல்லை வாங்கினவன் அப்புறம் அவர் முன்னால துண்டைத் தோள்ல போட முடியாது.

நாலாவது ஐரோப்பாவோட கிறிஸ்தவ ஜனநாயகம். 1891ல போப் பதிமூணாம் லியோ தொழிலாளர் நிலை பத்தி விட்ட சுற்றுமடல்தான் வேர். தனிச்சொத்தும் வேணும், தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கமும் வேணும். குடும்பமும் ஊரும் செய்ய முடிஞ்சதை மேல இருக்கற அரசு பிடுங்கக்கூடாதுங்கறது அவங்க கொள்கை. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அடெனவர் தலைமைல மேற்கு ஜெர்மனி நிமிர்ந்ததுல இதுக்குப் பெரிய பங்கு. நம்ம ஆளுங்க இந்தக் கிளையைக் கண்டுக்கறதே இல்ல, எனக்கு அது வருத்தம்தான், பஞ்சாயத்து அதிகாரம் பத்திப் பேசறவங்களுக்கு இதுல நிறைய சரக்கு இருக்கு.

அஞ்சாவது சந்தைப் பக்கம். பொருளாதார அறிஞர் ஹாயெக் பேர் இங்க வரும், ஆனா அவரே 1960ல நான் ஏன் பழமைவாதி இல்லைன்னு தனியா ஒரு கட்டுரை எழுதி வெச்சிருக்கார், அதைக் கண்டிப்பா படிங்க. அமெரிக்காவுல 1955ல பக்லி தொடங்கின பத்திரிகையைச் சுத்தி சந்தைக்காரங்க, மதக்காரங்க, கம்யூனிச எதிர்ப்பாளருங்க மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்தாங்க, ரீகன் ஜெயிச்சது அந்தக் கூட்டணிலதான். ஆனா சந்தைக்கும் பழமைக்கும் உள்ள சண்டை தீரவே இல்ல. ஓசூர் சிப்காட் பக்கம் போய்ப் பாருங்க, எந்தப் புரட்சிக்காரனும் பண்ணாத அளவுக்கு கம்பெனியும் ரியல் எஸ்டேட்டும் சேர்ந்து கிராமத்தோட முகத்தையே மாத்தியிருக்கு. சொத்துரிமையைக் காப்பாத்தறதும் ஊர் வழக்கத்தைக் காப்பாத்தறதும் எப்பவும் ஒண்ணா போகாது.

தொரப்பள்ளிக்காரரை வெச்சுப் பழகுங்க

இந்தக் கிளைங்க எல்லாம் மண்டைல நிக்கணும்னா ஒரே ஆளை எடுத்துக்கோங்க, ராஜாஜி. 1878ல ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளில பொறந்தவர், அந்த வீடு இன்னும் நினைவிடமா இருக்கு. பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் நம்ம மண்ணுல இருந்து போன, உலகத்தரத்துல வெச்சுப் பேசக்கூடிய பழமைவாத மூளை அவருதுதான். அவரை மொத்தமா ஒரு கட்டா கட்டாம மூணு வருஷத்துல நிறுத்திப் பாருங்க.

1937. முதல்வரானதும் அக்டோபர்ல மதுவிலக்கை முதல்ல சேலம் மாவட்டத்துலதான் கொண்டு வந்தார், அப்ப நம்ம ரெண்டு மாவட்டமும் சேலத்துக்குள்ளதான் இருந்துச்சு. அதுல போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி வந்துச்சு. இது அரசு கையை வெச்சு ஒழுக்கத்தைக் காப்பாத்தற பழமைவாதம். அதே 1939ல கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்ததும் அவர் அரசுதான், அதையும் எழுதிக்கோங்க, ஒரே கட்டத்துக்குள்ள அடங்க மாட்டார்.

1953. கிராமத்துத் தொடக்கப் பள்ளில பாட நேரத்தை மூணு மணி நேரமா குறைச்சு, மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுத் தொழிலைக் கத்துக்கட்டும்னார். ஊர் பூரா குலக்கல்வித் திட்டம்னு எதிர்த்தாங்க, பெரியாரும் திமுகவும் மட்டும் இல்ல காங்கிரஸ் உள்ளேயே எதிர்ப்பு, 1954ல அவர் போகவேண்டியதாச்சு, காமராஜர் வந்ததும் திட்டத்தை எடுத்துட்டார். மூணு கேள்வியை இங்க வெச்சுப் பாருங்க. எதைக் காப்பாத்தறார்? கைத்தொழிலையும் குடும்பத்தையும். யார்கிட்ட இருந்து? எல்லாரையும் குமாஸ்தா ஆக்கற படிப்புகிட்ட இருந்து. பாரம் யார் தலைல? துணி வெளுக்கறவங்க பிள்ளை, முடி வெட்டறவங்க பிள்ளை, செருப்பு தைக்கறவங்க பிள்ளை தலைல. வக்கீல் பிள்ளைக்கு அந்த மீதி நேரத்துல வீட்டுல புத்தகம் இருக்கும். அவரோட நோக்கம் நல்லதா இருந்திருக்கலாம், அதுக்காக இந்தத் தப்பு சின்னதாயிடாது. என்னைக் கேட்டா பழமைவாதத்தோட மொத்த பலவீனமும் இந்த ஒரு திட்டத்துல தெரியும்.

1959. ஜனவரில நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைன்னு தீர்மானம் போட்டதும், எண்பது வயசுல சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார், ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். எதுக்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ்னு அரசு ஆட்டிப் படைக்குதுன்னு அதுக்கு பர்மிட் லைசென்ஸ் ராஜ்னு பேர் வெச்சார். 1967ல மக்களவைல 44 இடம் ஜெயிச்சு பெரிய எதிர்க்கட்சியே ஆனாங்க, தமிழ்நாட்டுல அதே தேர்தல்ல திமுக கூட கூட்டணி. ஒழுக்கத்துக்கு அரசைக் கூப்பிட்டவர் வியாபாரத்துக்கு அரசே வெளிய போன்னார். இது முரண்பாடா இல்லையாங்கறதை நீங்க வாதாடிப் பாருங்க, நான் இல்லைங்கற பக்கம்: குடும்பமும் சொத்தும் நிலையா நிக்கணும்ங்கற ஒரே எண்ணத்துல இருந்துதான் ரெண்டும் வருது.

இங்கயே இன்னொரு தப்பைத் திருத்திக்கோங்க. சுதந்திராவும், 1951ல தொடங்கின, பாஜகவுக்கு முன்னோடியான ஜனசங்கமும் ஒண்ணு இல்ல. ஜனசங்கம் தேசம், பண்பாடுங்கறதை நடுவுல வெக்குது, தீனதயாள் உபாத்யாயா 1965ல சொன்ன ஏகாத்ம மானவவாதம் (ஒருங்கிணைந்த மனிதநேயம்) முதலாளித்துவம், கம்யூனிசம் ரெண்டையுமே மேற்கத்தியதுன்னு தள்ளுது. சுதந்திரா தனிமனுஷன், சொத்து, அரசியல் சட்டம்னு பேசுச்சு. வலதுசாரின்னு ஒரே முத்திரை குத்தினா இந்த வித்தியாசம் மறைஞ்சிடும், இன்னைக்கு நடக்கற அரசியலும் புரியாது.

பதில் வாதத்தையும் அதே வாரத்துல படிங்க

அம்பேத்கர் 1948 நவம்பர் 4ம் தேதி அரசியல் நிர்ணய சபைல பேசினதை எடுங்க. இந்தியக் கிராமத்தைக் குட்டிக் குடியரசுன்னு புகழ்ந்த வெள்ளைக்கார அதிகாரி மெட்காஃபைத் தொட்டுட்டு, கிராமம்ங்கறது குறுகின புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கின குட்டைங்கற மாதிரி வெளுத்து வாங்கியிருப்பார். இப்ப பர்க்கோட ஏரிக்குத் திரும்பி வாங்க. அந்தக் கரையை வருஷா வருஷம் மண்ணு போட்டு உயர்த்தினது யார், குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள்னு கூப்பிட்டப்ப கூலி இல்லாம மண்ணு சுமந்தது யார், ஆயக்கட்டுல நிலம் யாருக்கு இருந்துச்சு? 1858ல கட்டாய உழைப்புக்குன்னு சென்னை மாகாணத்துல சட்டமே போட்டாங்க. ஏரி நல்லதுதான், அதைக் காப்பாத்தின ஊர்க் கட்டுப்பாடே சிலரைக் குடிக்கிற தண்ணிக்கு ஒதுங்கி நிக்க வெச்சதும் நிஜம்தான். ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதிப் பழகுங்க. அம்பேத்கரைப் படிக்காம பர்க்கைப் படிக்கறது அரைப் படிப்பு, பர்க்கைப் படிக்காம ஏரி போச்சேன்னு புலம்பறதும் அப்படித்தான்.

கூட்டா படிக்கறதா இருந்தா

தனியா படிக்கறதைவிட நாலஞ்சு பேர் லைப்ரரி பக்கமோ யார் வீட்டு மாடிலயோ உக்காந்து படிங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு உள்ளூர் விவகாரம் வெச்சுக்கோங்க, கோட்பாட்டை மட்டும் பேசினா தூக்கம் வந்துடும். எருது விடும் விழா ரொம்ப நல்ல கேஸ். 2017ல ஜல்லிக்கட்டுக்காக மெரினால நின்னவங்கள்ல இடதுசாரி, திராவிட இயக்கத்துக்காரங்க, கட்சியே இல்லாத பசங்க எல்லாம் இருந்தாங்க, ஆனா அங்க ஒலிச்ச வாதம் சுத்தமான பர்க்: எங்க வழக்கத்தை எங்க ஊர் தெரியாத ஒருத்தர் சட்டப் புத்தகத்தை வெச்சு நிறுத்தக்கூடாது. இதே வாதத்தைக் கோயில்ல யார் நுழையலாம்ங்கற விஷயத்துக்குப் போட்டா ஏத்துக்குவீங்களான்னு அடுத்த நிமிஷம் கேளுங்க. இல்லைன்னா எந்த இடத்துல கோடு போடறீங்க, ஏன்? இந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்ல முயற்சி பண்றவங்களுக்குப் பத்து பாடப்புத்தகம் படிச்ச பலன் கிடைக்கும், வாக்குவாதம் சூடாகும், ஆகட்டும்.

வரிசை இப்படி வெச்சுக்கலாம்: முதல்ல பர்க்கோட 1785 பேச்சுல ஏரி வர்ற பகுதி, அப்புறம் 1790 புத்தகத்துல தலைமுறைக் கூட்டு பத்தி வர்ற பக்கங்கள், அதுக்கு அடுத்து அம்பேத்கர் பேச்சு, பிறகு ராஜாஜியோட அந்த மூணு வருஷம், ஓக்ஷாட்டும் ஹாயெக்கும் கடைசில. பர்க் இங்கிலீஷ் கஷ்டமா இருக்கும், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், ஒருத்தர் சத்தமா படிச்சு அங்கங்க நிறுத்தித் தமிழ்ல சொல்லிக்கிட்டே போனா ஒரு மணி நேரத்துல நாலு பக்கம் தாண்டலாம், அது போதும். உக்காந்திருக்கற எல்லாரும் ஒரே கட்சி, ஒரே சாதி, ஒரே கருத்தா இருந்தா அந்த வாரம் தள்ளி வெச்சுட்டு வேற ஒருத்தரைத் தேடிக் கூட்டிட்டு வாங்க, முடிஞ்சா ஏரிக்கரை ஊர்க்காரர் ஒருத்தரையும் ஆயக்கட்டுல நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருத்தரையும் சேர்த்து உக்கார வைங்க.